கூரைக்குக் கிடைக்காத தள்ளுபடி

டெக்சாஸில் ஆலங்கட்டி மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் தெருவுக்குள் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். மேலே ஏணி கட்டியிருக்கும், இறங்குபவர் கையில் டேப்லெட் இருக்கும். கூரை ஷிங்கிள்கள் (ஓடுபோல் வரிசையாக அடிக்கும் தகடுகள்) அடிபட்டுவிட்டன, மாற்றியாக வேண்டும் என்பார். எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள், கூடவே சோலாரும் போட்டுவிடுங்கள், மொத்தச் செலவில் 30 சதவீதத்தை அரசாங்கம் திருப்பிக் கொடுத்துவிடும் என்றும் சொல்வார். டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் வீடு வாங்கிய நம் ஆட்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருந்தது. அதனால்தான் பலர் மாட்டினார்கள். கூரைக்கு 18,000 டாலர், சோலாருக்கு 24,000 டாலர், ஆக மொத்தம் 42,000 என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் கணக்கில் 12,600 டாலர் திரும்பி வரும். சட்டத்தின் கணக்கில் 7,200தான். நடுவில் காணாமல் போன 5,400 டாலர், கூரைக்கான 30 சதவீதம். அமெரிக்க வருமான வரிச் சட்டம் அந்தக் கூரையைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

2025 டிசம்பர் 31-ஓடு இந்தத் தள்ளுபடிகள் முடிந்துவிட்டன. ஆனாலும் அதற்கு முன் செய்த வேலைக்கான கணக்கு பலருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. இது எப்படி வேலை செய்தது, யாருக்கு வேலை செய்தது என்று தெரிந்துகொள்வதில் வேறொரு பயனும் உண்டு. அமெரிக்காவில் இந்தச் சலுகை முன்பும் ஒருமுறை செத்து இருபது ஆண்டு கழித்துப் பிழைத்து வந்திருக்கிறது.

முதலில் கூரை. சோலாருக்கான தள்ளுபடி வரிச் சட்டத்தின் 25-டி பிரிவில் இருந்தது. கூரையைப் பற்றி அதில் ஒரே ஒரு வாக்கியம் உண்டு. சோலார் சாதனம் கூரையாகவோ கூரையின் ஒரு பகுதியாகவோ பொருத்தப்பட்டிருந்தால், அது கட்டடத்தின் அங்கம் என்ற ஒரே காரணத்துக்காகத் தகுதி இழக்காது என்பது அதன் சாரம். அதாவது, மின்சாரம் உற்பத்தி செய்கிற ஓடு கூரைவேலையும் சேர்த்துப் பார்த்தால் பரவாயில்லை. டெஸ்லா 2016-இல் அறிமுகப்படுத்திய சோலார் கூரையும், ஆணி அடித்துப் பொருத்தும் சோலார் ஷிங்கிளும் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தன.

இதே வாக்கியத்தைத் தலைகீழாகப் படித்து வியாபாரம் செய்தவர்கள்தான் சிக்கலை உண்டாக்கினார்கள். பேனலைத் தாங்குவது கூரை, ஆகவே கூரையும் சோலார் அமைப்பின் பகுதி என்று அவர்கள் வாதம் போகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் அதை ஏற்கவில்லை. மரச் சட்டம், அடிப்பலகை, சாதாரண ஷிங்கிள் ஆகியவை வீட்டைக் காக்கும் வேலையைச் செய்கின்றன, மின்சாரம் தயாரிப்பதில்லை, எனவே கணக்கில் வராது என்பது அதன் நிலை. பேனலைக் கூரையோடு பிணைக்கும் உலோகத் தாங்கி, கிளாம்ப், வயரிங், இன்வெர்ட்டர், வேலைக் கூலி, பர்மிட் கட்டணம் எல்லாம் வரும். ஒரே ரசீதில் "கூரை மற்றும் சோலார் 42,000" என்று எழுதி வாங்கியவர் கணக்காளரிடம் போய் நின்றால், அவர் முதலில் கேட்பது பிரித்து எழுதிய ரசீதைத்தான்.

இதில் வீட்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பேனல்கள் 25 ஆண்டு உழைக்கும். கூரைக்கு அதில் பாதி ஆயுள்தான் மிச்சமிருக்கிறது என்றால், நடுவில் பேனல்களைக் கழற்றி, கூரையை மாற்றி, மறுபடி பொருத்த வேண்டும். அதற்கே ஆயிரக்கணக்கில் ஆகும். அதனால் சோலாருக்கு முன் கூரையை மாற்றுவது புத்திசாலித்தனம். சட்டம் அந்தப் புத்திசாலித்தனத்துக்குக் காசு கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கூரைக்கே நேரடியாகத் தள்ளுபடி இருந்த காலமும் உண்டு. 2005 எரிசக்திக் கொள்கைச் சட்டம் கொண்டுவந்த 25-சி பிரிவில், வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள உலோகக் கூரைக்கு இடம் கிடைத்தது. குளிர்ச்சி தரும் துகள்கள் பதித்த ஆஸ்பால்ட் ஷிங்கிளும் பிறகு சேர்ந்துகொண்டது. இதன் பின்னாலுள்ள விஷயம் நமக்குப் புதிதல்ல. மொட்டைமாடியில் சுண்ணாம்பு அடித்தால் கீழே அறை குளிர்கிறது என்பது சித்திரை வெயிலில் வாழ்ந்த எவருக்கும் தெரியும். அமெரிக்கப் புறநகர் வீடுகளின் கூரையோ பெரும்பாலும் கறுப்பு அல்லது அடர் பழுப்பு. கோடை நண்பகலில் சாதாரணக் கூரை 65 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதே வெயிலில் ஒளியைத் திருப்பி அனுப்பும் கூரை 28 டிகிரி வரை குறைவான சூட்டில் இருக்கும் என்கிறது அந்நாட்டு எரிசக்தித் துறை. கூரைக்கு அடியில் அட்டிக் என்ற பரண்வெளி, அட்டிக்குக்குள் ஏசியின் காற்றுக்குழாய்கள். மேலே சூடு ஏற ஏற, குளிர்ந்த காற்று படுக்கையறைக்கு வருவதற்குள் பாதி வெதுவெதுப்பாகிவிடும். கூரையின் நிறம் மின்கட்டணத்தைத் தொடுவது இந்த வழியில்தான்.

ஆனால் சலுகையின் அளவைப் பாருங்கள். பொருளின் விலையில் 10 சதவீதம், கூலிக்குக் கிடையாது. ஒருவர் வாழ்நாள் முழுக்க இந்தப் பிரிவில் வாங்கக்கூடிய மொத்தமே 500 டாலர். 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகள் மட்டும் பொருளாதார ஊக்கச் சட்டத்தின் தயவில் அது 30 சதவீதம், 1,500 டாலர் என்று உயர்ந்தது. தகுதிக்கான எனர்ஜி ஸ்டார் (மின்சிக்கனப் பொருள்களுக்கான அரசு முத்திரை) வரம்பும் சாய்வான கூரைகளுக்கு மிகத் தாழ்வு. புதிதாக இருக்கும்போது வெயிலில் 25 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினால் போதும், மூன்றாண்டு கழித்து 15 சதவீதம் மிஞ்சினால் போதும். தட்டைக் கூரைக்கு மட்டும் 65, 50 என்று ஓரளவு கண்டிப்பு.

போதாக்குறைக்கு இந்தப் பிரிவு அடிக்கடி மயங்கி விழும். 2007 கடைசியில் காலாவதியானது. 2008-இல் இல்லவே இல்லை. 2009-இல் திரும்பி வந்தது. 2017 இறுதியில் மறுபடி முடிந்தது. 2019 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதற்கு உயிர் கொடுத்து, 2018-க்கும் செல்லும் என்றது. அதாவது 2018-இல் கூரை மாற்றியவர், மாற்றும்போது இல்லாத சலுகையை ஒன்றரை ஆண்டு கழித்துப் பெற்றுக்கொள்ளலாம். ஒரு செயலைத் தூண்டத்தான் ஊக்கத்தொகை என்றால், செய்து முடித்தவருக்கு அதைக் கொடுப்பதில் என்ன தூண்டுதல் இருக்கிறது?

2022-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கூரைப் பொருள்களுக்கு எனர்ஜி ஸ்டார் முத்திரை தருவதையே நிறுத்தியது. அதே ஆண்டு வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் 25-சியைப் பெரிதாக்கி எழுதியபோது கூரைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2023-இலிருந்து அட்டிக் இன்சுலேஷன் (சூட்டைத் தடுக்கும் உறை), ஜன்னல், கதவு, ஹீட் பம்ப் (வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் உதவும் கருவி) ஆகியவற்றுக்கு 30 சதவீதம் கிடைத்தது. கூரைக்குச் சுழியம். இதை அநியாயம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. குளிர் மாநிலங்களில் வெளிர்நிறக் கூரை குளிர்காலத்தில் கிடைக்கும் கொஞ்சநஞ்ச வெயில் சூட்டையும் திருப்பி அனுப்பிவிடும். மின்னசோட்டாவுக்கும் அரிசோனாவுக்கும் ஒரே விதி பொருந்தாது. அதோடு, இருபது ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் முடிவு இது. மாற்றும் நாளில் கறுப்புக்குப் பதில் வெளிர்நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஆகும் கூடுதல் செலவு அதிகமில்லை. இப்படிப்பட்ட இடத்தில் வரிப் படிவத்தைவிடக் கட்டட விதியே நன்றாக வேலை செய்யும். கலிஃபோர்னியா அதைத்தான் செய்தது. தட்டையான வணிகக் கட்டடங்களில் தொடங்கிப் பல வட்டாரங்களில் வீடுகள் வரைக்கும் குளிர் கூரையைக் கட்டட விதிக்குள் கொண்டுவந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2013 டிசம்பரில் புதிய வீடுகளுக்கும், கூரை மாற்றும் வீடுகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியது.

சரி, சோலாருக்கு வருவோம். தள்ளுபடி என்ற சொல்லே இங்கே கொஞ்சம் ஏமாற்றும். ஆங்கிலத்தில் டாக்ஸ் கிரெடிட் என்பார்கள். வருமானத்திலிருந்து கழிப்பது வேறு, கட்ட வேண்டிய வரியிலிருந்து கழிப்பது வேறு. 22 சதவீத அடுக்கில் இருப்பவர் வருமானத்திலிருந்து 7,200 டாலரைக் கழித்தால் மிச்சமாவது 1,584 டாலர்தான். வரியிலிருந்தே 7,200-ஐக் கழித்தால் மிச்சம் 7,200. சோலாருக்குக் கிடைத்தது இரண்டாவது வகை. உண்மையிலேயே பெரிய தொகை.

ஆனால் வரி இருந்தால்தான் கழிக்க முடியும். அந்த ஆண்டு உங்கள் மொத்த வரி 4,000 டாலர் என்றால், 4,000 மட்டும் கழியும். மீதி 3,200-ஐ அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல 25-டி அனுமதித்தது. 25-சியில் அந்த வசதி கிடையாது. இன்சுலேஷனுக்குக் கிடைத்ததை அந்த ஆண்டே கழிக்காவிட்டால் போனதுதான். சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வாழும் முதியவருக்குப் பெரும்பாலும் வருமான வரியே வராது. அவர் கூரையில் எத்தனை பேனல் வைத்தாலும் தள்ளுபடி சுழியம். "அரசாங்கம் உங்களுக்கு செக் அனுப்பும்" என்று அவரிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கியவர்கள் இருந்தார்கள்.

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. "எனக்கு எப்போதும் ரீஃபண்ட்தான் வருகிறது, வரி பாக்கியே இல்லை, எனக்கு எப்படிக் கிடைக்கும்?" என்பார்கள். மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்தது நீங்கள் கட்டிய வரிதான். ஆண்டு முழுதுக்குமான மொத்த வரியிலிருந்துதான் தள்ளுபடி கழியும், ஏப்ரலில் பாக்கி இருக்கிறதா என்பதிலிருந்து அல்ல. வரி 12,000, பிடித்தம் 13,000 என்றால் சாதாரணமாக 1,000 ரீஃபண்ட் வரும். சோலார் போட்ட ஆண்டில் அது 8,200 ஆகும். இதைக் கோருவதற்கான தாள் படிவம் 5695.

சின்ன விதிகளும் நிறைய. மின்வாரிய நிறுவனம் தந்த மானியத்தை முதலில் செலவிலிருந்து கழித்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் 30 சதவீதம். நீங்கள் குடியிருக்காமல் முழுக்க வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இந்தப் பிரிவு கிடையாது. 2023-இலிருந்து 3 கிலோவாட்-மணி அல்லது அதற்கு மேற்பட்ட பேட்டரியும் சேர்ந்தது, பேனல் இல்லாமல் பேட்டரி மட்டும் வைத்தாலும் சரி. சூரிய வெந்நீர்க் கருவிக்கு உண்டு, ஆனால் நீச்சல் குளத்தைச் சூடாக்கினால் கிடையாது.

வரி கட்டுபவருக்கு மட்டும் கொடுக்கும் பணம் எங்கே போய்ச் சேரும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செவரின் போரன்ஸ்டைன், லூகாஸ் டேவிஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதைக் கணக்கெடுத்தே காட்டினார்கள். 2006 முதல் வீட்டு இன்சுலேஷன், சோலார், மின்சாரக் கார் ஆகியவற்றுக்குப் போன 18 பில்லியன் டாலருக்கு மேலான வரித் தள்ளுபடியை ஆராய்ந்து 2015-இல் எழுதினார்கள். வருமானத்தில் மேல்தட்டு 20 சதவீதத்தினர் ஏறக்குறைய 60 சதவீதத்தை எடுத்துக்கொண்டார்கள். கீழ்த்தட்டு 60 சதவீதத்தினருக்குக் கிடைத்தது சுமார் 10 சதவீதம். பின்னர் சலுகை பெரிதானது. 2023 வரியாண்டில் 34 லட்சம் குடும்பங்கள் 8 பில்லியன் டாலருக்கு மேல் கோரின. அதில் 6 பில்லியனுக்கு மேல் சோலார் முதலான 25-டி இனங்களுக்கு. சோலார் பக்கம் கோரியவர்களுக்குச் சராசரியாக 5,000 டாலர், இன்சுலேஷன் பக்கம் 900-க்கும் கீழே.

வீட்டுக் கூரைச் சோலாருக்கு மானியம் தரும் இந்தியாவின் பிஎம் சூர்ய கர் திட்டம் இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வந்துவிடும். நீங்கள் வருமான வரி கட்டுகிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்கா ஏன் அப்படிச் செய்யவில்லை? நேரடி மானியம் என்றால் ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கச் சண்டை போட வேண்டும், கொடுப்பதற்கு ஒரு அலுவலகம் வேண்டும். வரித் தள்ளுபடிக்கு இரண்டும் தேவையில்லை. சட்டத்தில் ஒரு பிரிவு, படிவத்தில் ஒரு பக்கம். செலவென்று தெரியாமலே செலவு நடக்கும். அந்த வசதிக்காக அது ஏழை வீட்டுக் கூரையை எட்டாமல் போனது.

இந்தக் கதை தொடங்கியது 1978 நவம்பரில், ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட எரிசக்தி வரிச் சட்டத்தில். அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை தந்த அதிர்ச்சி ஆறாத காலம். சோலாருக்கு முதல் 2,000 டாலரில் 30 சதவீதம், அடுத்த 8,000-இல் 20 சதவீதம். இரண்டாண்டில் அது 10,000 வரை 40 சதவீதம் என்று உயர்ந்தது. 1979 ஜூன் 20 அன்று வெள்ளை மாளிகையின் கூரையில் 32 பேனல்களைக் கார்ட்டர் அறிமுகப்படுத்தினார். அவை மின்சாரம் தருபவை அல்ல, வெந்நீர் தருபவை. ஒரு தலைமுறை கழித்து இந்தக் கருவி ஒரு விந்தைப் பொருளாக, அருங்காட்சியகப் பொருளாக, நாம் போகாமல் விட்ட பாதையின் சாட்சியாக ஆகிவிடலாம், அல்லது ஒரு பெரிய பயணத்தின் சின்னத் தொடக்கமாக இருக்கலாம் என்று அன்று பேசினார்.

1985 முடிவில் வரிச் சலுகை காலாவதியானது. அதை நம்பி முளைத்த வெந்நீர்க் கருவிக் கம்பெனிகள் கும்பலாக மூடின. 1986-இல், ரீகன் காலத்தில், கூரை பழுதுபார்ப்புக்காக இறக்கிய வெள்ளை மாளிகைப் பேனல்கள் திரும்ப ஏறவில்லை. மெய்ன் மாநிலத்துக் கல்லூரி ஒன்று பலவற்றை வாங்கிக்கொண்டு தன் சாப்பாட்டுக்கூடத்தின் மேல் வைத்தது. அதில் ஒன்று இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கார்ட்டர் சொன்ன இரண்டில் ஒன்று அப்படியே பலித்தது.

பிறகு 2005-இல் ஜார்ஜ் புஷ் காலத்தில் உயிர்த்தெழல். அப்போது சோலாருக்கு 30 சதவீதம்தான் என்றாலும் 2,000 டாலர் உச்சவரம்பு இருந்தது. 2008 நிதி நெருக்கடியில் வங்கிகளை மீட்கப் போட்ட சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பிரிவு அந்த உச்சவரம்பை நீக்கியது. வீட்டுச் சோலாருக்கு உண்மையான திருப்பம் அதுதான் என்பேன். 2020-இல் 26 சதவீதமாக இறங்கி, 2022 ஆகஸ்ட்டில் மறுபடி 30-ஆகி, 2032 வரை இப்படியே இருக்கும் என்று சட்டம் சொன்னது. பத்தாண்டு உறுதி என்று நம்பிக் கம்பெனிகள் ஆள் எடுத்தன.

மூன்றே ஆண்டு. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் 25-சி, 25-டி இரண்டையும் அந்த ஆண்டின் இறுதியோடு முடித்தது. படிப்படியான குறைப்பு ஏதுமில்லை. ஆறு மாத அவகாசத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்று தெருவுக்குத் தெரு ஓட்டம். "முன்பணத்தை டிசம்பரில் கட்டிவிடுங்கள், வேலையை ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னவர்களும் உண்டு. ஐஆர்எஸ் அதற்கும் பதில் வைத்திருந்தது. பணம் கொடுத்த நாள் கணக்கில்லை, பொருத்தி முடித்த நாள்தான் கணக்கு. டிசம்பரில் முழுப் பணம் கட்டி ஜனவரியில் வேலை முடிந்தவருக்கு ஒன்றும் கிடைக்காது.

வேடிக்கை என்னவென்றால், சோலார் தள்ளுபடி முழுதாகச் சாகவில்லை. வீட்டுக்காரர் சொந்தமாக வாங்கினால்தான் கிடையாது. கம்பெனி தன் பேனலை உங்கள் கூரையில் வைத்து உங்களுக்குக் குத்தகைக்கு விட்டால், கம்பெனி வேறொரு பிரிவில், 48-இ என்ற வணிகப் பிரிவில், தள்ளுபடி கோரலாம். அதற்கும் கெடு உண்டு. 2026 ஜூலை 4-க்குள் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் 2027 முடிவதற்குள் இயங்க வைத்துவிட வேண்டும். சீனா போன்ற நாடுகளின் தொடர்புள்ள பொருள்களுக்குக் கட்டுப்பாடுகளும் சேர்ந்துள்ளன. ஆக ஒரே தெருவில், ஒரே பேனல், ஒரே வெயில். காசு போட்டு வாங்கியவருக்கு இல்லை, வாடகைக்கு எடுத்தவரின் கம்பெனிக்கு உண்டு. கம்பெனி அதில் எவ்வளவை மாதக் கட்டணத்தில் குறைக்கிறது என்பது ஒப்பந்தத்தைப் படித்தால்தான் தெரியும். ஆண்டுதோறும் கட்டணம் எத்தனை சதவீதம் ஏறும், வீட்டை விற்றால் குத்தகையைப் புதிய வீட்டுக்காரர் தலையில் கட்ட முடியுமா என்ற இரண்டு கேள்விகளையாவது கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும்.

கடனில் வாங்கியவர்களின் நிலைமை வேறு. 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு சோலார் கடன்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. குறைந்த வட்டி என்று காட்டிவிட்டு, "டீலர் கட்டணம்" என்ற பெயரில் ரொக்க விலைக்கு மேல் 30 சதவீதமும் அதற்கு அதிகமும் ஏற்றுகிறார்கள் என்றது. இன்னொரு பொறியையும் சுட்டியது. வரித் தள்ளுபடித் தொகையை ஒன்றரை ஆண்டுக்குள் அசலில் கட்டிவிடுவீர்கள் என்று வைத்தே மாதத் தவணையைப் போட்டிருப்பார்கள். தள்ளுபடி வராதவருக்கு அந்தக் கெடு தாண்டியதும் தவணை எகிறும்.

மாநிலங்கள் தருவது தனி. நியூயார்க் தன் மாநில வரியில் சோலாருக்கு 25 சதவீதம், 5,000 டாலர் வரை தருகிறது. மாசசூசெட்ஸில் 15 சதவீதம், 1,000 வரை. டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லை, எனவே தள்ளுபடிக்கும் வழியில்லை. ஆனால் சோலாரால் வீட்டின் மதிப்பு கூடினால் அந்தக் கூடுதலுக்குச் சொத்து வரி விலக்கு உண்டு, விண்ணப்பித்தால். கூரை மாற்றுபவருக்கும் அங்கே ஒரு வழி இருக்கிறது. ஆலங்கட்டியைத் தாங்கும் உயர்தர ஷிங்கிளுக்குப் பல காப்பீட்டுக் கம்பெனிகள் பிரீமியத்தைக் குறைக்கின்றன. கூரைக்கென்று மிஞ்சியிருக்கும் சலுகை வரி அலுவலகத்தைவிடக் காப்பீட்டுக்காரரிடம்தான் அதிகம்.

2023-லோ 2024-லோ பேனல் போட்டு முடித்துவிட்டு, படிவம் 5695-ஐ வைக்க மறந்தவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு உண்டு. பிரிவு முடிந்துவிட்டாலும் அவர்கள் உரிமை முடியவில்லை. மூலப் படிவம் தாக்கல் செய்த நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுக்குள் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தோடு அதை இணைத்து அனுப்பலாம். 2023 வரியாண்டுக்கு 2024 ஏப்ரல் 15 அன்று தாக்கல் செய்தவருக்கு 2027 ஏப்ரல் 15 வரை நேரம். ரசீதில் கூரையைத் தனியாகவும் சோலாரைத் தனியாகவும் பிரித்து எழுதித் தரச் சொல்லி, கம்பெனி இழுத்து மூடுவதற்குள் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.